கிருமி செத்த பின்னும் கண் கெடுவது ஏன்?

கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலமான கருவிழியில் (கார்னியா) வரும் புண்ணுக்கு மருந்து தொடங்கி நாலைந்து நாள் கழித்து மறுபடி சுரண்டி எடுத்துப் பார்த்தால், பல நேரங்களில் ஆய்வகத் தட்டில் எதுவும் வளராது. கிருமி அடங்கிவிட்டது. ஆனாலும் புண்ணின் அடிப்பகுதி மெலிந்துகொண்டே போகும். சிலருக்கு ஓட்டையே விழுந்துவிடும். மருந்து சரியில்லையா என்று வீட்டார் கேட்பார்கள். மருந்து தன் வேலையை முடித்துவிட்டது. இப்போது கருவிழியைக் கரைப்பவை, கிருமியைக் கொல்ல வந்த வெள்ளணுக்கள் கொட்டிவிட்டுப் போன நொதிகள்.

கண் தொற்றில் பார்வை போவதில் கிருமிக்கு ஒரு பங்கு, உடலின் எதிர்ப்பாற்றலுக்கு ஒரு பங்கு. எந்த நோயில், எந்த நாளில், எவருடைய பங்கு பெரிது என்பது மாறிக்கொண்டே இருக்கும். நல்ல மருந்தே தப்பான நாளில் போட்டால் கண்ணைக் கெடுத்துவிடும். கண் சிகிச்சையில் நேரும் கனமான பிழைகள் பலவும் இந்த வகைதான். அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

அரை மில்லிமீட்டருக்குள் ஓர் உறுப்பு

தோலில் கட்டி வந்து, சீழ் பிடித்து ஆறினால் ஒரு தழும்பு மிஞ்சும். அதனால் எந்த வேலையும் நின்றுவிடாது. கண்ணுக்கு அந்த வசதி இல்லை. கருவிழியின் நடுப்பகுதி சுமார் 0.54 மி.மீ. தடிமன்தான். அதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமா எனப்படும் கொலாஜன் அடுக்கு. ஒவ்வொரு கொலாஜன் இழையும் 25 முதல் 30 நானோமீட்டர் விட்டம் கொண்டது. இழைக்கும் இழைக்கும் இடைப்பட்ட தூரம், தறியில் ஓட்டிய பாவு நூல் போல ஒரே சீராக இருக்கும். ஒளி சிதறாமல் உள்ளே போவது இந்தச் சீரால்தான். வெள்ளணுக்கள் கூட்டமாக நுழைந்தாலும், நீர் கோத்து இழைகள் விலகினாலும், ஆறும்போது புது இழைகள் தாறுமாறாகப் படிந்தாலும் அந்த இடம் வெளுத்துவிடும். கண்பாவைக்கு நேர் எதிரே இரண்டு மி.மீ. தழும்பு விழுந்தாலே எழுத்துகள் மங்கிப் படிக்க முடியாமல் போகலாம்.

கருவிழியின் உட்புறம் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள் இருக்கின்றன. ஸ்ட்ரோமாவுக்குள் கசியும் நீரை இடைவிடாமல் வெளியேற்றுவது இவற்றின் வேலை. இளம் வயதில் ஒரு சதுர மி.மீ.க்கு 3,000 அளவில் இருக்கும். மனிதரில் இவை பெருகி இழப்பை ஈடுகட்டுவதில்லை. 500 அளவுக்குக் கீழே இறங்கினால் நீரை வெளியேற்ற முடியாமல் கருவிழி ஊதி மங்கிவிடும். விழித்திரையின் ஒளியுணர் செல்களும் அப்படித்தான், போனால் போனதுதான்.

இப்படிப்பட்ட உறுப்பில் மற்ற இடங்களைப் போல அழற்சி நடந்தால் ஒவ்வொரு சின்னத் தொற்றிலும் பார்வை போய்விடும். அதனால் கண்ணுக்குள் எதிர்ப்பாற்றல் அடக்கி வாசிக்கும்படி பல ஏற்பாடுகள் உள்ளன. கருவிழியில் ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் கிடையாது. புதுக் குழாய்களை வளர்க்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு கரைபொருளைக் கருவிழியே சுரக்கிறது. விழித்திரையின் ரத்தக் குழாய்ச் சுவர்கள் இறுக்கமாக மூடியிருப்பதால் வெள்ளணுக்களும் எதிர்ப்புரதங்களும் எளிதில் உள்ளே வருவதில்லை. கருவிழிக்குப் பின்னால் இருக்கும் முன்னறையின் நீரில் டிஜிஎஃப்-பீட்டா 2 போன்ற அடக்கும் புரதங்கள் மிதக்கின்றன. கண்ணின் உட்பரப்புச் செல்கள் சிலவற்றின் மேல் இருக்கும் ஃபாஸ் லிகண்ட் என்ற மூலக்கூறு, உள்ளே வரும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது. முன்னறைக்குள் புகுந்த அந்நியப் பொருளைப் பற்றிய செய்தி மண்ணீரலுக்குப் போய், அங்கிருந்து ‘இதற்குக் கடுமையாக எதிர்வினை வேண்டாம்’ என்ற உத்தரவாகத் திரும்பி வரும்படியும் ஒரு பாதை இருக்கிறது.

கண்ணுக்கு எதிர்ப்பாற்றல் தரும் இந்த விலக்கை 1948இல் பீட்டர் மெடாவர் முயல்களில் தோல் ஒட்டுகளை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து விளக்கினார். அதற்கு வெகு முன்பே, 1905இல், எடுவர்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர் செய்த கருவிழி மாற்று, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லாத காலத்திலேயே தெளிவாக நிலைத்ததற்கும் இதுவே காரணம்.

விலக்குக்கு ஒரு விலையும் உண்டு. எதிர்ப்பாற்றல் அடங்கியிருக்கும் இடம் கிருமிக்கும் பதுங்க வசதியானது. 2014ஆம் ஆண்டின் எபோலா பரவலில் நோயுற்றுப் பிழைத்த ஒரு மருத்துவருக்கு ரத்தத்தில் வைரஸ் மறைந்து 9 வாரம் ஆன பிறகு கண்ணின் முன்னறை நீரில் உயிருள்ள வைரஸ் கிடைத்தது. கடும் அழற்சியால் கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ், அந்தக் கண்ணில் நீலமாக இருந்தது, கொஞ்ச காலம் பச்சையாகவே மாறியிருந்தது.

பாக்டீரியப் புண்: மணிக்கணக்கில் நடப்பது

கண்ணீரில் லைசோசைம், லாக்டோஃபெரின், ஐஜிஏ எதிர்ப்புரதம் எல்லாம் உண்டு. அதற்கடியில் கருவிழியின் மேலடுக்கான எபிதீலியம் முழுசாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. கான்டாக்ட் லென்ஸைப் போட்டபடியே தூங்குவது, இலையோ குச்சியோ கீறுவது, இமை முடி உரசுவது: இப்படி ஏதாவது ஒன்று அந்தத் தடுப்பை உடைக்க வேண்டும். உடைந்த இடத்தில் சூடோமோனாஸ் ஏருஜினோசா ஒட்டிக்கொண்டால் கதை வேகமெடுக்கும்.

எபிதீலியச் செல்களின் டோல் வாங்கிகள் பாக்டீரியாவின் வெளிச்சுவர்க் கொழுப்பையும் நீந்தும் வாலையும் அடையாளம் கண்டு, இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-8 என்ற அழைப்புப் புரதங்களை வெளியிடும். கருவிழியும் வெண்விழியும் சேரும் விளிம்பில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரியும். கருவிழியைச் சுற்றி ஊதா கலந்த சிவப்பு வளையம் தெரிவது இதனால்தான். சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் அந்த விளிம்பிலிருந்தும் கண்ணீர் வழியாகவும் வந்து சேரும். அவை கிருமியை விழுங்கும், ஆக்சிஜன் வேதிப்பொருள்களைக் கக்கும், சில தம் டிஎன்ஏவையே வலையாக விரித்துக் கிருமியை அதில் சிக்க வைக்கும். வலை சூடோமோனாஸை மூளைப் பக்கம் போகவிடாமல் புண்ணோடு நிறுத்துவதற்கு உதவுகிறது. கிருமியைத் தடுப்பதில் நியூட்ரோஃபில் இல்லாமல் முடியாது. அவை வராத விலங்குகளில் கிருமி தடையின்றிப் பரவுகிறது.

ஆனால் அவற்றின் ஆயுள் குறைவு. சாகும்போது எலாஸ்டேஸ், எம்எம்பி-8, எம்எம்பி-9 என்ற நொதிகளைக் கொட்டிவிட்டுச் சாகும். இவை கொலாஜனை வெட்டுபவை. கிருமி தன் பங்குக்குத் தானும் எலாஸ்டேஸ் சுரக்கிறது. இன்டர்லூகின்-1இன் தூண்டுதலால் ஸ்ட்ரோமாவின் சொந்தச் செல்களான கெரட்டோசைட்டுகளே கொலாஜனைக் கரைக்கத் தொடங்கும். மூன்று பக்கத்திலிருந்தும் வெட்டு விழும்போது, கட்டுக்குள் வராத சூடோமோனாஸ் புண் ஒன்றிரண்டு நாளிலேயே கருவிழியைத் துளைத்துவிட முடியும்.

கண் மருத்துவரின் நுண்ணோக்கியான ஸ்லிட் லாம்ப்பில் கிட்டத்தில் பார்த்தால் இவை அனைத்தும் தனித்தனியாகத் தெரியும். ஃப்ளோரசின் சாயம் விட்டு நீல ஒளி அடித்தால், எபிதீலியம் போன பரப்பு மட்டும் பச்சையாக மின்னும். அதற்கடியில் வெண்சாம்பல் நிறத்தில் ஊடுருவல், அதாவது வெள்ளணுக்கள் புகுந்து குவிந்த இடம், இருக்கும். வளரும் புண்ணில் அதன் ஓரம் பஞ்சு பஞ்சாகக் கலைந்திருக்கும், அடங்கும் புண்ணில் ஓரம் கூராகிவிடும். சுற்றிலும் நீர் கோத்த மங்கல். முன்னறையின் அடியில் வெள்ளையாக, மேல்மட்டம் நேர்க்கோடாக நிற்கும் சீழ், அதாவது ஹைப்போபியான். பாக்டீரியப் புண்ணில், எண்டோதீலியத்தை ஒட்டியிருக்கும் டெசிமெட் சவ்வு கிழியாதவரை இந்தச் சீழில் பொதுவாகக் கிருமி இருக்காது. கிருமியின் நச்சு உள்ளே ஊடுருவி, ஐரிஸ் குழாய்களிலிருந்து வெள்ளணுக்களை வரவழைத்ததன் விளைவு அது. அதனால் அதை ஊசி போட்டு எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. எடுக்கப் போய்க் கிருமியை உள்ளே கொண்டுபோகும் ஆபத்துதான் மிச்சம்.

நாள்தோறும் புண்ணை இரண்டு செங்குத்துத் திசைகளில் மி.மீ.யில் அளந்து எழுதி வைப்பது அவசியம். சாயம் ஏறிய பரப்பு வேறு, ஊடுருவலின் பரப்பு வேறு. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் சூடோமோனாஸ் புண் பார்வைக்கு மோசமாவது போலத் தோன்றலாம். செத்த பாக்டீரியா உடைந்து நச்சை வெளியிடுவதால் அழற்சி கூடுகிறது. அந்த நேரத்தில் பதறி மருந்தை மாற்றினால் எது வேலை செய்தது என்பதே தெரியாமல் போகும். ஓரம் கூராகிறதா, வலி குறைகிறதா, சீழின் மட்டம் இறங்குகிறதா என்பவைதான் நம்பத்தக்க அறிகுறிகள்.

தொடக்கத்தில் ஆன்டிபயாடிக் சொட்டை மணிக்கு ஒரு முறை, இரவிலும் விடாமல் இரண்டு நாள் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: கிருமி எவ்வளவு சீக்கிரம் குறைகிறதோ, அவ்வளவு குறைவாக நியூட்ரோஃபில் வரும். ஆனால் அதே வேகத்தில் வாரக்கணக்கில் போட்டால் மருந்தே எபிதீலியத்தை ஆறவிடாது. எபிதீலியம் மூடாத புண்ணில் நொதிகள் ஓய்வதில்லை. கிருமி அடங்கியதும் சொட்டின் எண்ணிக்கையைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். கரைவது நிற்காவிட்டால் டாக்சிசைக்ளின் 100 மி.கி. நாளுக்கு இருமுறை தருவதுண்டு. இங்கே அது கிருமிக்காகத் தரப்படுவதில்லை. எம்எம்பி நொதிகளுக்குத் தேவையான துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றின் கையைக் கட்டுவதற்காக. இரண்டு மி.மீ.க்கு உட்பட்ட ஓட்டையைச் சயனோஅக்ரிலேட் பசையால் அடைத்து மேலே கட்டு லென்ஸ் வைக்கிறார்கள். பசை ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை, கண்ணீர் வழியாக நியூட்ரோஃபில்கள் புண்ணின் அடியை எட்டுவதையும் தடுக்கிறது.

ஸ்டீராய்டு எப்போது?

நியூட்ரோஃபில்தான் கரைக்கிறது என்றால், அதை அடக்கும் ஸ்டீராய்டை முதல் நாளே போட்டால் என்ன? இந்தக் கேள்விக்காகவே 500 நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்து 2012இல் வெளியானது. பாக்டீரியப் புண் என்று ஆய்வகத்தில் உறுதியானவர்களுக்கு மாக்சிஃப்ளாக்சசின் சொட்டு 48 மணி நேரம் கொடுத்த பிறகு, ஒரு பாதிப் பேருக்கு பிரட்னிசலோன் 1% சொட்டும், மறுபாதிக்கு மருந்தில்லாச் சொட்டும் மூன்று வாரத்துக்குக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் இரு குழுவுக்கும் பார்வையில் மொத்தத்தில் வேறுபாடு இல்லை. விரல் எண்ணும் அளவுக்கோ அதற்குக் கீழோ பார்வை இறங்கியிருந்தவர்களுக்கும் நட்ட நடுவில் புண் இருந்தவர்களுக்கும் ஸ்டீராய்டால் நன்மை தெரிந்தது. நொகார்டியா என்ற மெதுவாக வளரும் பாக்டீரியாவால் வந்த புண்களில் நிலைமை தலைகீழ். ஸ்டீராய்டு போட்டவர்களுக்குத் தழும்பு பெரிதானது.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: கிருமி எது என்று தெரிந்து, அதற்கு மருந்து கேட்கிறது என்று கண்ணில் தெரிந்த பிறகுதான் ஸ்டீராய்டைப் பற்றிப் பேசலாம். பூஞ்சைப் புண்ணில் அதுவும் கூடாது. ஃபுசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் இழைகளைத் தடுத்து நிறுத்துவதில் நியூட்ரோஃபிலுக்குத்தான் பெரும் பங்கு. பூஞ்சைக்கான சொட்டான நாட்டமைசின் 5% கருவிழிக்குள் ஆழமாக ஊறுவதும் இல்லை. அந்த நிலையில் ஸ்டீராய்டு விழுந்தால் பூஞ்சை டெசிமெட் சவ்வையே துளைத்து முன்னறைக்குள் போய்விடும்.

சிவந்த கண்ணுக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதும் இங்கே புரியும். சிவப்பு, வலி, கூச்சம் எல்லாமே எதிர்ப்பாற்றலின் வேலை. ஸ்டீராய்டு அதை அடக்கியதும் இரண்டு நாளில் கண் வெளுத்துவிடும், நோயாளிக்கு நிம்மதி. உள்ளே கிருமி தடையில்லாமல் பெருகும். சொட்டை நிறுத்தியதும் எல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வரும்போது புண் பலமடங்கு ஆழமாகியிருக்கும். ஒரு கண் மட்டும் சிவந்து, வலியும் கூச்சமும் இருந்து, பார்வையும் மங்கினால் அந்தக் கண்ணில் எந்தச் சொட்டையும் விடாமல் ஸ்லிட் லாம்ப் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். லென்ஸ் அணிபவர் என்றால் லென்ஸையும் அதன் டப்பாவையும் கையோடு எடுத்துப் போக வேண்டும், அவற்றிலிருந்தும் கிருமியை வளர்த்துப் பார்க்கலாம்.

ஒரே வைரஸ், எதிரெதிர் சிகிச்சை

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் அளவுக்கு இந்தக் கணக்கைத் துல்லியமாகக் காட்டும் நோய் வேறில்லை. முதல் தொற்றுக்குப் பிறகு அது முகத்தின் முக்கிளை நரம்புமுடிச்சில் உறங்கிக் கிடக்கும். எப்போதாவது விழித்து நரம்பு வழியாகக் கருவிழிக்கு இறங்கும். எபிதீலியத்தில் பெருகும்போது கிளைவிட்ட, நுனி உருண்ட கோடுகளாகப் புண் தெரியும். இங்கே செல்லைச் சாகடிப்பது வைரஸே. ஆன்டிவைரல் போட்டால் ஆறிவிடும்; ஸ்டீராய்டு மட்டும் போட்டால் கிளைகள் சேர்ந்து அகலமான வரைபடப் புண்ணாகிவிடும்.

திரும்பத் திரும்ப வந்த பிறகு சிலருக்கு எபிதீலியம் முழுசாக இருக்க, ஸ்ட்ரோமா மங்கி, வீங்கி, ரத்தக் குழாய் நுழையத் தொடங்கும். இது வேறு நோய். அங்கே உயிருள்ள வைரஸ் அரிதாகவே கிடைக்கிறது. மிஞ்சிய வைரஸ் புரதத்துக்கு எதிராக சிடி4 டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரந்து நியூட்ரோஃபில்களை வரவழைக்கின்றன. அழிவு அவற்றால் நேர்கிறது. 1994இல் வெளியான ஆய்வில், ஆன்டிவைரல் பாதுகாப்போடு பிரட்னிசலோன் சொட்டைப் பத்து வாரம் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்ததில், ஸ்ட்ரோமா அழற்சி நீடிப்பதோ முற்றுவதோ 68% குறைந்தது. அதே ஆய்வுத் தொடரின் இன்னொரு பகுதியில் அசைக்ளோவிர் 400 மி.கி. மாத்திரையை நாளுக்கு இருமுறை ஓராண்டு தந்தபோது, மறுபடி நோய் வந்தவர்கள் 32 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாகக் குறைந்தார்கள்.

ஸ்ட்ரோமா அழற்சியில் ஸ்டீராய்டை எப்படித் தொடங்குவது என்பதைவிட எப்படி நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நாளுக்கு நான்கு சொட்டிலிருந்து ஒரே நாளில் நிறுத்தினால் டி செல்கள் மறுபடி கிளம்பி, முன்பைவிடக் கடுமையான அழற்சி வரும். சிலருக்கு மாதக்கணக்கில் ஒரு சொட்டோ, நீர்த்த சொட்டோ தேவைப்படும். அந்தக் காலம் முழுக்கக் கண் அழுத்தத்தை அளந்துகொண்டிருக்க வேண்டும். சுமார் மூன்றில் ஒருவருக்கு ஸ்டீராய்டால் அழுத்தம் ஓரளவு ஏறும், சுமார் 5% பேருக்கு மிக அதிகமாக ஏறும். இந்த நோயில் கருவிழியின் உணர்ச்சியும் குறைந்துபோவதால் வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடினோவைரஸ் கண்நோயில் இதன் சிறு வடிவம் உண்டு. கண்வலி அடங்கிய இரண்டு வாரத்தில் எபிதீலியத்துக்குக் கீழே காசு வடிவ வெண்புள்ளிகள் வந்து பார்வை கூசும். அவை எஞ்சிய வைரஸ் புரதத்துக்கு டி செல்கள் காட்டும் எதிர்வினை. ஸ்டீராய்டில் மறையும், நிறுத்தினால் திரும்பும். பார்வை பெரிதாகக் கெடவில்லை என்றால் தானாக மறையக் காத்திருப்பதே மேல்.

செத்த புழுவும் அதற்குள் இருந்த பாக்டீரியாவும்

ஆப்பிரிக்காவின் வேகமாக ஓடும் ஆறுகளின் ஓரம் பெருகும் சிமூலியம் என்ற கருப்பு ஈக்கள் கடித்துப் பரப்பும் நோய் ஆங்கோசெர்கியாசிஸ். ஆற்றுக் குருடு என்று அறியப்படுவது. வளர்ந்த பெண் புழு தோலுக்கடியில் முடிச்சுக்குள் பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்து, நுண்புழுக் குஞ்சுகளை நாள்தோறும் ஈன்றுகொண்டிருக்கும். அவை தோல் வழியாக நகர்ந்து கண்ணுக்கும் வரும். ஸ்லிட் லாம்ப்பில் முன்னறையில் அவை நெளிந்து நீந்துவதைப் பார்க்க முடியும். உயிரோடு இருக்கும்வரை பெரிதாக அழற்சி இல்லை. ஒரு நுண்புழு கருவிழிக்குள் செத்ததும் அதைச் சுற்றிப் பனித்துளி போல வெண்புள்ளி எழும். வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கான புழுக்கள் செத்துச் செத்து, ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகக் கருவிழி முழுதும் கெட்டியான வெண்தழும்பாகிவிடுகிறது.

புழுவின் உடல்தான் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்று நெடுங்காலம் கருதினார்கள். அந்தப் புழுக்களுக்குள் உல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அது இல்லாமல் புழுவால் இனம்பெருக்க முடியாது. 2002இல் வெளியான எலிச் சோதனைகளில், டாக்சிசைக்ளின் கொடுத்து உல்பாக்கியாவை ஒழித்த புழுக்களின் சாற்றைக் கருவிழியில் செலுத்தியபோது நியூட்ரோஃபில் வரவும் மங்கலும் வெகுவாகக் குறைந்தன. புழு சாகும்போது வெளியேறும் பாக்டீரியாதான் டோல் வாங்கிகளைத் தட்டி எழுப்புகிறது என்பது அப்போது தெளிவானது.

சிகிச்சையின் போக்கையே இது விளக்கிவிடுகிறது. முன்பு தந்த டையெத்தில்கார்பமசின் புழுக்குஞ்சுகளை ஒரேயடியாகச் சாகடித்து, அரிப்பும் காய்ச்சலும் கண் அழற்சியும் கொண்ட கடும் எதிர்வினையைக் கிளப்பியது. கண்ணும் சேர்ந்து கெட்டது. ஒரு கிலோ எடைக்கு 150 மைக்ரோகிராம் என்ற அளவில் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை தரும் ஐவர்மெக்டின் அந்த அளவுக்குக் கண்ணை உலுக்காமல் குஞ்சுகளைக் குறைக்கிறது. டாக்சிசைக்ளின் நாலு முதல் ஆறு வாரம் தந்தால் உல்பாக்கியா ஒழிந்து, பெண் புழுவும் மலடாகிவிடுகிறது. கிருமியைக் கொல்லும் வேகமும் ஓர் அளவோடு இருக்க வேண்டும் என்பது இந்த ஒரு நோயில் பட்டுத் தெரிந்துகொண்டது.

டிராக்கோமா: வருடங்களில் நடக்கும் சேதம்

டிராக்கோமாவுக்குக் காரணமான கிளமிடியா டிராக்கோமாடிஸ் என்ற பாக்டீரியா ஒருமுறை தொற்றினால் பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறிவிடும். குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப, ஆண்டுக்கணக்கில் தொற்றும்போதுதான் அழிவு. மேல் இமையைப் புரட்டினால் உட்படலத்தில் அரை மி.மீ.க்கு மேற்பட்ட வெளிர் மணிகள் தெரியும். அவை லிம்ஃபோசைட் கூட்டங்கள். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் எளிய வகைப்பாட்டில் செயல்படும் டிராக்கோமா என்று எழுதுவார்கள். ஒவ்வொரு அழற்சியும் கொஞ்சம் கொலாஜனை விட்டுச் செல்லும். அது வெண்தழும்பாகச் சுருங்கி, பத்திருபது வருடத்தில் இமையை உட்பக்கமாக மடக்கும். இமை முடிகள் ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியை உரசும். அப்போது மருந்து போட்டுக் கிருமியைக் கொன்றும் பயனில்லை, அங்கே பெரும்பாலும் கிருமியே இருக்காது. இமையைத் திருப்பும் அறுவைதான் வழி.

முழுக் கிருமியைக் கொண்டு 1960களில் செய்த தடுப்பூசி முயற்சிகள் நின்றுபோனதற்கும் எதிர்ப்பாற்றலே காரணம். பாதுகாப்பு குறுகிய காலமே நீடித்தது; குரங்குச் சோதனைகளில் ஊசி போட்டவற்றுக்குச் சில நேரம் அழற்சி கடுமையாகவே வந்தது. இன்றும் அசித்ரோமைசின் ஒரு கிலோவுக்கு 20 மி.கி. ஒற்றை மருந்து, முகச் சுத்தம், தண்ணீரும் கழிப்பிடமும் என்று தொற்றின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியில்தான் போகிறார்கள்.

கண்ணின் உள்ளே

விழித்திரையில் எதிர்ப்பாற்றலின் பங்கை எய்ட்ஸ் நோயாளிகளிடம் நேரடியாகப் பார்க்க முடிந்தது. சிடி4 எண்ணிக்கை 50-க்குக் கீழே இறங்கியவர்களுக்கு சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையைத் தின்றுகொண்டே போகும்; ஆனால் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழான விட்ரியஸ் தெளிவாக இருக்கும், கண் சிவக்காது, வலிக்காது. அங்கே அழிப்பது வைரஸ். 1996க்குப் பிறகு கூட்டு மருந்துகள் வந்து சிடி4 ஏறியதும், வைரஸ் அடங்கியிருந்த அதே கண்களில் சிலவற்றில் விட்ரியஸ் கலங்கி, மையப் பகுதியில் நீர் கோத்துப் பார்வை இறங்கியது. மீண்டு வந்த டி செல்கள் மிச்சமிருந்த வைரஸ் புரதத்தைக் கண்டுகொண்டதன் விளைவு அது.

டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்றில் வழக்கமான உடல்நிலை கொண்டவருக்குப் பழைய தழும்பின் ஓரத்தில் சிறு புண் எழும். அதற்கு மேல் விட்ரியஸ் மூடுபனியாகக் கலங்கியிருக்கும். டிரைமெத்தோபிரிம்-சல்ஃபமெத்தாக்சசோல் போன்ற மருந்தைத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் கழித்தே ஸ்டீராய்டு மாத்திரை சேர்ப்பார்கள். வரிசை மாறி ஸ்டீராய்டு முதலில் விழுந்தால் புண் விழித்திரை முழுதும் பரவக்கூடும்.

அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வரும் கிருமித் தொற்றான எண்டாஃப்தால்மைட்டிஸில் நேரம் மணிக்கணக்கில்தான். வான்கோமைசின் 1 மி.கி., செஃப்டசிடைம் 2.25 மி.கி., இரண்டையும் 0.1 மி.லி. அளவில் தனித்தனி ஊசிக்குழலில் விட்ரியஸுக்குள் செலுத்துகிறார்கள். ஒரே குழலில் கலந்தால் மருந்து படிந்துவிடும். 1995இல் வெளியான ஆய்வு, வெளிச்சம் மட்டுமே தெரியும் நிலைக்கு இறங்கிய கண்களில் விட்ரியஸை உடனே அகற்றுவது பலன் தருகிறது என்று காட்டியது. கிருமியோடு சேர்ந்து நச்சும், வெள்ளணுக்களும், நொதிகளும் வெளியேறுவது அதற்கு ஒரு காரணம். பாசில்லஸ் சீரியஸ் போன்ற கிருமி என்றால் எவ்வளவு சீக்கிரம் செய்தாலும் பல கண்களைக் காப்பாற்ற முடிவதில்லை.

அழற்சி ஓய்ந்த பிறகும் அது விட்டுச்சென்றவை வேலையைத் தொடரும். ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொண்டால் முன்னறை நீர் கடக்க வழியின்றிக் கண் அழுத்தம் ஏறும். அதனால்தான் தொடக்கத்திலேயே அட்ரோபின் போன்ற சொட்டால் கண்பாவையை விரித்து வைப்பது. வடிகால் வலையில் செல்கள் அடைத்தாலும் அழுத்தம் ஏறும். அழற்சியும் ஸ்டீராய்டும் சேர்ந்து கண் புரையைக் கொண்டுவரும். சிலியரி உறுப்பின் மேல் சவ்வு படர்ந்தால் நீர் சுரப்பே நின்று கண் சுருங்கத் தொடங்கும். இவற்றைத் தேடுவதற்காகவே தொற்று ஆறிய பிறகும் மாதக்கணக்கில் வரச் சொல்கிறார்கள்.

தழும்புக்குப் பிறகு

ஸ்ட்ரோமா ஆறும்போது எபிதீலியத்தின் அடிச்சவ்வு உடைந்திருந்தால் டிஜிஎஃப்-பீட்டா உள்ளே கசிந்து, கெரட்டோசைட்டுகளை மையோஃபைப்ரோபிளாஸ்டுகளாக மாற்றும். சுருங்கும் தன்மையும், ஒளி புகாத உடலும் கொண்ட இந்தச் செல்கள் ஒழுங்கில்லாத கொலாஜனைக் கொட்டும். அடிச்சவ்வு மறுபடி அமைந்தால் அவை மெல்ல மடிந்து, மாதங்களில், சிலருக்கு ஓரிரு வருடங்களில், தழும்பு ஓரளவு தெளியும். அதனால் மெல்லிய தழும்புக்கு அவசரப்பட்டு அறுவை செய்ய வேண்டியதில்லை. முறையற்ற வளைவால் வரும் மங்கலைக் கெட்டியான கான்டாக்ட் லென்ஸே பெருமளவு சரிசெய்துவிடும்.

கனமான தழும்புக்குக் கருவிழி மாற்று. ஆனால் தொற்றில் நுழைந்த ரத்தக் குழாய்களும் அவற்றோடு வந்த நிணநீர்க் குழாய்களும் அந்தக் கண்ணின் விலக்கைக் கெடுத்துவிட்டிருக்கும். குழாய் இல்லாத கருவிழியில் டி செல்கள் மாற்று வைத்த ஒட்டைக் கண்டுகொள்வதில்லை; இங்கே அந்நியப் பொருளை எடுத்துக்காட்டும் செல்கள் நேராக நிணநீர் முடிச்சுக்குப் போய் டி செல்களிடம் சேதி சொல்லிவிடும். மாற்று வைக்கும் முன் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியவை இவை: கண் பல மாதங்களாகச் சிவக்காமல் அமைதியாக இருக்கிறதா, எத்தனை திசையிலிருந்து, எவ்வளவு ஆழத்தில் குழாய் வந்திருக்கிறது, கருவிழிக்கு உணர்ச்சி இருக்கிறதா, இமை சரியாக மூடுகிறதா. ஹெர்பிஸ் தழும்பு என்றால் அறுவைக்கு முன்பே ஆன்டிவைரல் மாத்திரை தொடங்கி, பின்னும் குறைந்தது ஓராண்டு தொடர வேண்டும். மாற்று வைத்த கண்ணில் புதிதாகச் சிவப்போ, கூச்சமோ, மங்கலோ வந்தால் அன்றே காட்ட வேண்டும். எண்டோதீலியத்தின் மேல் வெள்ளணுக்கள் கோடாகப் படிந்து முன்னேறுவதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால், மணிக்கு ஒருமுறை ஸ்டீராய்டு சொட்டில் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.